வெந்நீர் ஊற்றுக்கு ஒரு வாளி

யப்பானுக்கு வாளி கொண்டுபோன குடும்பம் வெள்ளவத்தையில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். "ஏரிக்கரையில ஒரு வெந்நீர் ஊற்று ஹோட்டல் இருக்கு அக்கா, ரெண்டு நாள் அங்க நிப்பம்" என்று யப்பானிலிருந்து மாமா தொலைபேசியில் சொன்னதுதான் தாமதம், அம்மாவின் மனம் நேரே திருகோணமலைக் கன்னியாவுக்குப் போய்விட்டது. அங்கே வெந்நீர்க் கிணறுகள் ஏழு. கிணற்றடியில் நின்று அள்ளித்தான் குளிக்க வேண்டும். வாளி இல்லாமல் போனால் அடுத்தவரின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆகவே காலி வீதிக் கடையொன்றில் ஒரு சின்னச் சிவப்பு வாளி வாங்கி, அதற்குள் மிளகாய்த்தூளையும் எள்ளுருண்டையையும் அடைத்துப் பெட்டியில் வைத்தார். மார்புக்கு மேலே குறுக்குக்கட்டாகக் கட்டிக் குளிக்க ஒரு பழைய சீத்தைத் துணியும் கூடவே போனது.

ஆனால் பயணத்தின் உண்மையான சாமான் அம்மாவின் கைப்பையில் இருந்தது. ஒரு நீளமான பழுப்பு உறை. அதற்குள் கலியாணத் தரகர் கொடுத்த ஐந்து படங்கள், ஐந்து சாதகக் குறிப்புகள். மாமா அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் போனபிறகு அவரைப் படிப்பித்து ஆளாக்கியது அம்மாதான். யப்பானில் வேலைக்குப் போய் எட்டு வருசமாகியும், கலியாணப் பேச்சு எடுத்தால் மாமா "அடுத்த வருசம் பாப்பம்" என்று நழுவிக்கொண்டிருந்தார். "இந்தமுறை ஓம் எண்டு சொல்ல வைக்காமல் விடமாட்டன்" என்று லீவு கிடைக்காத அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் அம்மா விமானம் ஏறினார்.

எனக்கு அப்போது பத்து வயது. புறப்படுவதற்கு முந்திய வாரம்தான் நான் ஒரு பொய்யில் அகப்பட்டிருந்தேன். பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் நான் தொலைத்த தண்ணீர்ப் போத்தலை ரீச்சர் வகுப்பில் தூக்கிக் காட்டி யாருடையது என்று கேட்டார். மூடி உடைந்திருந்ததால் என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியவந்ததும் என் காது சிவந்தது. "உன்ர சாமான் எண்டா என்ர எண்டு சொல்லோணும். விளங்கிச்சோ?" நன்றாகவே விளங்கியிருந்தது.

ஹோட்டல், ஏரியைப் பார்த்தபடி நின்ற பழைய மரக் கட்டடம். காற்றில் ஊற்றுக் கந்தகத்தின் அவித்த முட்டை மணம். பாய் விரித்த அறை, கட்டில் இல்லை. எங்கள் அறையைக் கவனிக்க ஒரு பெண் வந்தார். "எனக்குத் தெரிஞ்ச பிள்ளை, இஞ்சதான் வேலை" என்று மாமா தன் காலுறையைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பெண் முழங்காலிட்டுக் குனிந்து வணங்கினார். சற்று நேரத்தில் எல்லோருக்கும் பச்சைத் தேநீரும், அம்மாவுக்கு மட்டும் இஞ்சி தட்டிப்போட்ட பால்தேநீரும் வந்தன. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார். சீனி அம்மாவின் அளவுக்குச் சரியாக ஒன்றரைக் கரண்டி. யப்பானியர் கெட்டிக்காரர் என்று வகுப்பில் படித்திருந்தேன். இவ்வளவு கெட்டிக்காரர் என்று தெரியாது.

"எவ்வளவு பதவிசான பிள்ளை. எங்கட ஆக்களில இப்பிடி ஒண்டு கிடைக்காதே" என்றார் அம்மா. மாமாவுக்குத் தேநீர் புரையேறியது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

பின்னேரம் அம்மாவும் நானும் பெண்களின் குளிப்பிடத்துக்குப் போனோம். அம்மா குறுக்குக்கட்டோடு, கையில் வாளியோடு நின்றார். உள்ளே கிணறு இல்லை. குளம் போல ஒரு தொட்டி, அதில் கழுத்தளவு நீரில் நாலைந்து பெண்கள், ஒருவர் உடம்பிலும் ஒரு நூல் இல்லை. என்னுடைய கண்ணைப் பொத்துவதா தன்னுடையதைப் பொத்துவதா என்று அம்மாவுக்கே குழப்பம். துணியோடு தண்ணீரில் இறங்கக்கூடாது என்று அங்கே நின்ற வயதான பணிப்பெண் சைகையால் காட்டினார். திரும்பிப் போய்விடுவோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்த இடத்தில் தோற்றுப்போவது அம்மாவின் வழக்கமில்லை. "அங்கால பார்" என்று என்னைத் திருப்பிவிட்டுத் துணியை அவிழ்த்தார்.

அதோடு முடியவில்லை. அந்த வயதான பெண் அம்மாவின் கழுத்தைக் காட்டினார், பிறகு சுவரில் இருந்த அறிவித்தலைக் காட்டினார். சங்கிலி ஒன்றை வரைந்து சிவப்பால் குறுக்கே வெட்டியிருந்தார்கள். நகையோடும் இறங்கக்கூடாதாம். அம்மா இரண்டு கையாலும் தாலிக்கொடியைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண்ணோ சிரித்தபடி ஒரு சின்னக் கூடையை நீட்டிக்கொண்டே நின்றார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. நான் அதுவரை அம்மாவை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு எங்கள் அறைப் பெண் வந்தார். வயதானவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்ல, கூடை பின்வாங்கியது. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"தாலி கழட்ட வேண்டாம், அக்கா."

நான் துள்ளிக் குதிக்காத குறை. தமிழ் தெரிந்த யப்பான்காரி! அம்மாவும் சந்தோசப்படுவார் என்று பார்த்தேன். அம்மாவோ அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து, வெகுநேரம், முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு தண்ணீரில் இறங்கிக் கழுத்துவரை அமிழ்ந்துகொண்டார். யார் தமிழ் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நான் மூன்றுமுறை கேட்டேன். அம்மா தாலிக்கொடியைத் தண்ணீருக்குள் நேராக்கிக்கொண்டிருந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது உறையை எடுப்பதாக அம்மா எனக்கு முன்னமே சொல்லியிருந்தார். எடுக்கவில்லை. மாமா தட்டைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருக்கினமோ?" என்று கேட்டார் அம்மா.

"தாய் மட்டும்தான் அக்கா. ஒரு தம்பி. இவதான் படிப்பிக்கிறா."

"ம்."

"அம்மா, படங்கள்..." என்று நான் நினைவூட்டினேன். மேசைக்குக் கீழே என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. ஞாபகப்படுத்தினால் கிள்ளு, மறந்தால் திட்டு. பெரியவர்களோடு சீவிப்பது கடினம்.

புறப்படும் நாள் காலையில், அலுமாரியில் மடித்து வைத்த மெத்தைகளுக்குக் கீழே அம்மா அந்த உறையைச் செருகுவதைக் கண்டேன். பத்திரமாக வைக்கிறார் என்று நினைத்தேன். எடுக்க மறந்துவிட்டார் என்பது பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறப்பதற்குள், அந்தப் பெண் ஏரிக்கரை வழியாக மூச்சு வாங்க ஓடிவந்தார். விருந்தாளி விட்டுப்போன குண்டூசியைக்கூடத் துரத்திவந்து கொடுப்பவர்களாம். உறையை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா அதைப் பார்த்தார். மாமா அம்மாவைப் பார்த்தார்.

"இது எங்கட இல்லை" என்றார் அம்மா.

என் காதையே நம்ப முடியவில்லை. என் காதைத் திருகிய அதே அம்மா! அந்தப் பெண் உறையை அம்மாவிடமும் மாமாவிடமும் மாறி மாறிக் காட்டி நின்றது பரிதாபமாக இருந்தது. நான் முன்னே போய், அவருக்கு விளங்கும்படி மெல்ல மெல்லச் சொன்னேன். "இது எங்கட. மாமாக்குப் பொம்பிளை பாக்கிற படம்." விளங்காவிட்டால் என்ன செய்வது என்று உறையைப் பிரித்து, பச்சைச் சேலை கட்டிய ஒருத்தியின் படத்தை எடுத்துக் காட்டியும் விட்டேன்.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு எனக்கு நன்றியாகக் குனிந்தார், முன்னெப்போதையும்விடக் கீழே. வெகுநேரம் நிமிரவில்லை. பழக்கம் தெரிந்தவளாக நானும் குனிந்தேன். இன்று நினைத்தாலும் முகம் எரிகிறது.

அம்மா படத்தை என் கையிலிருந்து பறித்து உறைக்குள் திணித்து, குப்பைத்தொட்டி தேடினார். அந்த நாட்டில் தெருவில் ஒரு குப்பைத்தொட்டி கிடையாது. பஸ் வந்துவிட்டது. மிளகாய்த்தூளும் எள்ளுருண்டையும் மாமாவின் பைக்கு மாறிவிட்டதால் வெறும் வாளி அம்மாவின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ் படியில் வைத்த காலை எடுத்து, அம்மா திரும்பிப் போனார். குனிந்தபடியே நின்ற பெண்ணின் நாடியைத் தொட்டு நிமிர்த்தி, வாளியை அவர் கையில் வைத்தார்.

"இது உம்மட்ட இருக்கட்டும், பிள்ளை. இனி வரேக்க எனக்கு வேணும்."

பஸ்ஸில் மாமா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டு வந்தார். அந்த வாளி இன்றும் மாமியின் குளியலறையில் இருக்கிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், வேண்டாத படங்கள் திரும்பி வர, காசு கொடுத்து வாங்கிய நல்ல வாளி போய்விட்டது என்பதுதான். மாமாவும் அதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். வீட்டில் அப்பா கேட்டால் வாளி துலைஞ்சுபோச்சு என்று அம்மா பொய் சொல்லக்கூடும், உண்மையை நான்தான் சொல்ல வேண்டும் என்று கொழும்பு வரும்வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.