என் சைஸில் இல்லாத மஞ்சள் குர்தா

போன வருடம் ஆவணி மாதம், கோவளத்தில் கடலைப் பார்த்த ஒரு வாடகை பங்களாவில் என் நாத்தனார் மகளுக்கு ஹல்தி நடந்தது. நலங்கு என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் இப்போது ஹல்தி என்கிறார்கள். நலங்குக்கு இருக்கிற சேலையைக் கட்டிக்கொண்டு போனால் போதும். ஹல்திக்கு அது ஆகாதாம். பெண் வீட்டார் அத்தனை பேரும் ஒரே மாதிரி மஞ்சள் குர்தா போட்டுக்கொண்டு வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அந்தக் குர்தாவில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் குண்டு. நல்ல மனசுக்காரர்கள் 'பூசினாற்போல' என்று சொல்லுவார்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பல வருடம் ஆகிவிட்டது. மேற்குத் தாம்பரத்தில் வீடு, பெருங்களத்தூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. துணிக்கடையில் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே விற்பனைப் பெண் கண்ணால் அளந்துவிட்டு, "உங்க சைஸ் மேல மாடியில கேளுங்கக்கா" என்பாள். மேல் மாடியில் நைட்டிதான் இருக்கும்.

அதனால் என் சைஸ் என்ன என்று நான் யாரையும் கேட்டதே கிடையாது. கைக்குக் கிடைத்ததில் பெரியதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். தோள் தொங்கும், கை இறுக்கும், இடுப்பில் சாக்கு மாதிரி நிற்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்துக்குப் பின்னால் இருக்கிற சைஸ் லேபிளை வெட்டி எறிவது. மொட்டை மாடியில் காயப்போடும்போது மற்ற வீட்டுக்காரர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே! முழு ஆளே எதிரில் நடமாடும்போது லேபிளை வெட்டி என்ன ஆகப்போகிறது? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளுமாம், அந்தக் கதைதான். போட்டோ எடுக்கும்போதும் அப்படித்தான், யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒண்டிக்கொள்வேன்.

எனக்கு ஒரே மகள். கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். நெற்றி, மூக்கு, சிரித்தால் கன்னத்தில் விழும் குழி வரைக்கும் என் ஜாடை. பார்க்கிறவர்கள் எல்லாம், "அம்மாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா" என்பார்கள். எனக்கு மனசு பூரித்துப் போகும். அப்படிச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

நாத்தனார் என் கணவருக்கு மூத்தவர். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், 'குர்தா ஆர்டர் போடணும், எல்லாரும் சைஸ் போடுங்க' என்று எழுதியிருந்தார். எம், எல், எக்ஸெல் என்று வரிசையாக விழுந்தது. சின்ன மாமனார் பையன்கள், அவர்கள் மனைவிகள், எல்லாரும் இருக்கிற குரூப் அது. நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

மகள்தான் விடவில்லை. தையல் டப்பாவிலிருந்து இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, "வாம்மா, அளந்துடலாம்" என்றாள். கண்ணாடி முன்னால் நிற்கவைத்தாள். நான் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன்.

"மூச்ச விடும்மா. எக்கினா அளவு தப்பா வரும்."

மார்பு நாற்பத்தொன்பது. இடுப்பு, கை, தோள் என்று ஒவ்வொன்றாக அளந்து, செல்போனில் அந்த குர்தா கம்பெனியின் அளவு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஃபோர் எக்ஸெல். நான் டபுள் எக்ஸெல் என்று போடச் சொன்னேன். "பொய் சொன்னா டிரெஸ் உள்ள போகாதும்மா" என்று சிரித்துவிட்டு, என் போனில் அவளே உண்மையான சைஸை அடித்து அனுப்பினாள். எனக்கு அன்றைக்கு என் மகளை நினைத்து அவ்வளவு பெருமை. எந்தக் கடைக்காரியும் எனக்குச் செய்யாததை என் பெண் செய்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் குரூப்பில் சின்ன மாமனார் பையன்களில் ஒருவன் ஒரு யானைக்குட்டி படத்தைப் போட்டு உடனே அழித்துவிட்டான். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகளும் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டோம்.

மறுநாள் சாயங்காலம் நாத்தனார் போன் செய்தார். "அந்த சைஸ்ல மஞ்சள் கலரே வரலையாம்மா. நீ பேசாம பட்டுச்சேலை கட்டிக்கோ. உனக்குச் சேலைதான் எடுப்பா இருக்கும்." எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் பழகிப்போன ஏமாற்றம். சரி அண்ணி என்று வைத்துவிட்டேன்.

ஹல்தி அன்று கடற்காற்றில் அத்தனை மஞ்சள் குர்தாக்களும் படபடத்தன. குரூப் போட்டோவுக்கு நானும் போய் ஓரமாக நின்றேன். போட்டோக்காரப் பையன் கேமராவை இறக்கிவிட்டு, "சேலை ஆன்ட்டி, நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க. மஞ்சள் மட்டும் ஒண்ணு எடுத்துடறேன்" என்றான். என் கணவர் மஞ்சள் குர்தாவில் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் தள்ளிக்கொண்டேன். நாலைந்து பேர் தங்கள் ஹேண்ட்பேக்கை என் கையில் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றார்கள்.

அந்த வரிசையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். நாத்தனாரின் ஓரகத்தி, படப்பைக்காரர். என் அளவுக்கே பெருத்த உடம்பு. அந்த உடம்பில் அதே மஞ்சள் குர்தா அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்திருந்தது. பாட்டுப் போட்டதும் முன்னால் வந்து ஆடியது அவர்தான். மூச்சு வாங்க வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபோது மெதுவாகக் கேட்டேன், இது என்ன சைஸ் என்று.

"ஃபோர் எக்ஸெல்மா. இதுக்கு மேலயும் கீதாம். அவனே தச்சு கடையில வெச்சிகினு கீறான், போட்டுக்க நமக்கு இன்னா வெக்கம்?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆடப் போய்விட்டார்.

பந்தி பக்கத்தில் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டேன். "உங்க ஓரகத்திக்குக் கிடைச்ச சைஸ் எனக்கு மட்டும் கிடைக்கலையா அண்ணி? நான் நின்னா போட்டோ அசிங்கமாயிடும்னு நேராவே சொல்லியிருக்கலாமே?" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்ல நாள் அதுவுமா விடும்மா" என்று சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. வீட்டில் அவர் பேச்சு வந்தாலே கரித்துக்கொட்டுவேன். கணவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அந்தக் கோபத்தில் அதே குர்தாவை, அதே சைஸில் நானே ஆர்டர் போட்டு வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டேன். புதுப்பெண்ணுக்குத் தலை தீபாவளி. கூடுவாஞ்சேரியில் நாத்தனார் வீட்டில் விருந்து, சம்பந்தி வீட்டார் எல்லாரும் வருவார்கள். அன்றைக்கு இதைப் போட்டுக்கொண்டு நடுவீட்டில் போய் நிற்பது, 'கிடைக்காத சைஸ் இதோ கிடைச்சிருக்கு' என்று எல்லார் எதிரிலும் சொல்வது. அதுதான் என் திட்டம்.

தீபாவளிக் காலையில் போட்டுக்கொண்டேன். என்ன சொல்ல! தோள் தையல் சரியாகத் தோளில் நின்றது. கையைத் தூக்கினேன், இறுக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பினால் சாக்கு இல்லை, ஒரு பெண் இருந்தாள். என் அளவுக்குத் துணி போட்டால் நான் இப்படித்தான் இருப்பேன் என்று நாற்பத்தைந்து வயதில் தெரிந்துகொண்டேன். முதல் தடவையாக லேபிளை வெட்டவும் இல்லை. காதுக்குப் பெரிய ஜிமிக்கி போட்டுக்கொண்டு, "இருக்கட்டும் உங்க அத்தை, இன்னைக்கு இருக்கு அவங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

மகள் கதவோரம் நின்றிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அத்தைய ஒண்ணும் சொல்லாதம்மா. அந்த யானைக்குட்டி படம் பாத்த அன்னைக்கு ராத்திரி நான்தான் அவங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"உனக்கு வாங்க வேணாம்னு. நீயும் நானும் ஒரே டிரெஸ்ல நின்னா, எல்லாரும் என்னைப் பாத்து அப்படியே அம்மான்னு சொல்லுவாங்க. காலேஜ்ல போட்டோ போடுவேன்ல. நானும் இப்படித்தான் ஆவேன்னு சொல்லுவாங்க. எனக்கு... என்னால முடியலம்மா."

நான் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஜிமிக்கியைக் கழற்றி வைத்தேன். குர்தாவைக் கழற்றி மடித்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டு, அப்பாவையும் பெண்ணையும் மட்டும் கூடுவாஞ்சேரிக்கு அனுப்பினேன். தெருவில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. குரூப்பில் எவனோ யானைக்குட்டி படம் போட்டதைத் தாங்கிக்கொண்டேன். என் உடம்பைத் தொட்டு அளந்த அந்தக் கையே என்னை வேண்டாம் என்று சொன்னதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "புள்ள போன்ல அப்படி அழுதாம்மா. அவளைக் காட்டிக்கொடுக்கச் சொல்றியா? நீ என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறேன்னு இருந்துட்டேன்" என்றார். இத்தனை நாள் என் வசவை வாங்கிக்கொண்டு அவர் வாயைத் திறக்காமல் இருந்ததை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

மகளும் நானும் இப்போது நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். அவள் மன்னிப்புக் கேட்டாள், நானும் சரி என்று சொல்லிவிட்டேன். மஞ்சள் குர்தாவை வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். அலுவலகத்தில் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. என் அளவைச் சொல்லிக் கேட்டு வாங்க இப்போது எனக்குக் கூச்சமும் இல்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மகளோடு சேர்ந்து எங்கும் போனதில்லை. அவளாக வா என்று கூப்பிட்டதும் இல்லை.

போன மாதம் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் புதிதாக வாங்கிய கறுப்பு டாப். கொடியிலிருந்து உருவும்போது கழுத்துப் பக்கம் விரலில் ஏதோ குத்தியது. லேபிளை வெட்டியிருந்தாள். ஒட்ட வெட்டத் தெரியாமல் ஓர் ஓரம் முள்ளாக நின்றது. கொடியில் இருந்த அவளுடைய மற்ற துணிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில்கூட லேபிள் இல்லை.

அவளுக்கு அதை நான் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் பார்க்க, கத்தரிக்கோலை எடுத்ததோடு சரி. 'அம்மாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா' என்று இப்போதும் யாராவது சொல்லத்தான் செய்கிறார்கள். முன்பு போல எனக்கு மனசு பூரிப்பதில்லை, முதலில் அவள் முகத்தைத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.