மூச்சுக்கு வழி செய்தவர்

திங்கட்கிழமை காலை, காது மூக்கு தொண்டைப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது செல்பேசி அடித்தது. டாக்டர் செல்வராணியின் தம்பி பேசினார். "சிஸ்டர், அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க." கொடைக்கானலில் அவரிடம் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான்.

காது டாக்டர் என்றால் அழுக்கு எடுப்பவர் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். நான் சேர்ந்த புதிதில் கிளாவரை என்ற மலைக்கிராமத்திலிருந்து ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். "புள்ளைக்குப் புத்தி மந்தம்னு ஸ்கூல்ல சொல்லுறாங்கம்மா" என்றார் அவளுடைய அப்பா. டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "புத்திக்கு ஒண்ணுமில்லங்க. செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்துக் கெடக்கு. நீங்க பேசுறது அவளுக்குச் சரியா கேக்கல, அவ்வளவுதான்." சிறிய அறுவை சிகிச்சை செய்து நீரை எடுத்தார். மறுநாள் மழை பெய்தது. தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி வராந்தாவிலேயே நின்றாள் அந்தச் சிறுமி. உள்ளே வர அவளுக்கு மனமே இல்லை.

ஆனால் அவரை நான் முழுதாக அறிந்தது மலைப்பாதையில்தான். பூம்பாறையில் பூண்டு பயிரிடும் விவசாயி முருகேசனுக்குச் சொத்தைப் பல்லில் தொடங்கிய சீழ் கழுத்து முழுவதும் பரவி, மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. மதுரைக்கு அனுப்பியாக வேண்டும். டாக்டரும் நானும் ஆம்புலன்சில் ஏறிக்கொண்டோம். பாதி வழியில், மழையில் சாலையின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. முன்னால் நின்ற பேருந்தின் பயணிகள் இறங்கிக் கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் முருகேசனின் உதடுகள் நீலம் பாய்ந்துவிட்டன.

"ஜெரினா, கத்தி எடு" என்றார் டாக்டர் என்னிடம்.

முருகேசனின் மனைவி பதறினார். "கழுத்தையா அறுக்கப் போறீங்க டாக்டரம்மா?"

"ஆமாம்மா. மூச்சு உள்ள போக வழியில்ல, கீழ ஒரு வழி செய்யணும். அவர் கையப் பிடிச்சுக்கோங்க. என்னையப் பாருங்க, கழுத்தப் பாக்காதீங்க."

முருகேசனைப் படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடும். உட்கார்ந்த நிலையிலேயே மரத்துப்போக ஊசி போட்டார். கழுத்து வீங்கிக் கட்டைபோல் இறுகியிருந்ததால் குரல்வளை கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவியே இடம் கண்டு கீறினார். குழாய் உள்ளே இறங்கியதும் 'புஸ்' என்று காற்றுச் சத்தம். முருகேசனின் நெஞ்சு நன்றாக ஏறி இறங்கியது. நீலம் மெல்லக் கலைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனையோ அறுவை சிகிச்சைகளில் டாக்டருடன் நின்றிருக்கிறேன். அன்று போல் எனக்கு மெய்சிலிர்த்ததில்லை.

மதுரையில் அவரை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது வத்தலக்குண்டில் டீ குடிக்க இறங்கினோம். டாக்டர் டம்ளரை வாங்கிக் குடிக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டார். "பயந்துக்கிட்டேதான் செஞ்சேன் ஜெரினா. அந்தம்மா என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதான் காட்டிக்கல."

சில நாள் கழித்து நாங்கள் மதுரைக்குப் போய்ப் பார்த்தபோது, குழாயின் வாயை விரலால் மூடிக்கொண்டு பேச முருகேசனுக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்தார். முருகேசன் மனைவியைப் பார்த்து முதலில் கேட்டது, "காயப்போட்ட பூண்டு நனைஞ்சிருச்சா?" அந்தம்மா அழுதுகொண்டே சிரித்தார். டாக்டரும்தான்.

சாவுச் செய்தியைக் கேட்டுவிட்டு நான் வெளியே வந்தபோது நோயாளிகள் பெஞ்சில் காத்திருந்தார்கள். விவரம் சொன்னதும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்த ஓர் அம்மா மட்டும் போகவில்லை. முதல்முறையாக வந்திருப்பவர்.

"வெள்ளனே பஸ் ஏறி வந்தேன் தாயி. இனிமே எங்கள யாரு பாப்பாங்க?"

இந்த மலையில் டாக்டருக்குப் பதில் இன்னொருவர் இன்னும் வரவில்லை.

மாலையில் கல்லறைத் தோட்டத்திலும் அந்த அம்மாவைக் கண்டேன். "ஊருக்குப் போகலையாம்மா?" என்றேன்.

"டாக்டரம்மாவப் பாக்கத்தானே வந்தேன். பாத்துட்டே போறேன்."

துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மெதுவாகக் குழிக்குள் போட்டார். அவருக்கு அடுத்தபடியாக நானும் போட்டேன்.

போய் வாருங்கள் டாக்டர்.