ஜூன் மாதத்துப் பதவிப் பெயர்

கல்லூரியில் பாடம் நடத்துகிறேன் என்று சொன்னால், என்ன பாடம் என்று யாரும் கேட்பதில்லை, "பர்மனென்டா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இல்லை. அடையாறு பக்கம் ஒரு தனியார் கல்லூரியில், ஆங்கிலத் துறையில், நான் கௌரவ விரிவுரையாளர். ஏப்ரலில் அனுப்பிவிட்டு ஜூனில் மறுபடி இன்டர்வியூ வைக்கும் ஜாதி. உங்களில் பலருக்கு இது தெரிந்த கதைதான். மூன்று வருடம் இப்படி ஓட்டினால் நிரந்தரத்துக்குப் பரிசீலிப்பது எங்கள் கல்லூரி வழக்கம். எனக்கு இந்த ஜூனில் மூன்று முடிந்தது. கணவரின் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவரும் குறைந்தார். மகளுக்கு ஐந்து மாதம். எனக்குப் பயம். அவள் தூங்கும் நேரத்தில், பயத்துக்கு ஒரு வேலை கொடுக்கலாமே என்று இதை எழுதுகிறேன்.

லெக்சரர்

தமிழில் விரிவுரையாளர் என்றால் விரித்துச் சொல்பவர். லத்தீன் வேரில் லெக்சர் என்பது வெறும் வாசிப்பு. அச்சு வராத காலத்தில் வகுப்புக்கே ஒரு புத்தகம்தான். ஆசிரியர் வாசிப்பார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். சொற்களின் வரலாறு நடத்தும்போது இதை பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்குச் சொன்னேன். வகுப்பு அதிசயமாக அமைதியாக இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"அப்போ முழு பீரியடும் நோட்ஸ் டிக்டேட் பண்றாங்களே, அந்த மேம்தான் ஒரிஜினல் லெக்சரரா மேம்?"

சேர்

பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவிக்கே 'சேர்', அதாவது நாற்காலி, என்று பெயர் உண்டு. அந்தக் காலத்தில் ஆசிரியருக்கு மேடைமேல் உயரமான ஆசனம். பிஷப்புக்கும் அப்படி ஒன்று, லத்தீனில் 'கதீட்ரா', இருந்ததால்தான் அவருடைய கோயில் கதீட்ரல் ஆனது என்று கான்வென்டில் சிஸ்டர் சொல்லித் தந்தது இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் கௌரவ விரிவுரையாளர்களுக்கு நாற்காலி கிடையாது. யார் வகுப்புக்குப் போகிறார்களோ அவர்கள் இடத்தில் உட்காரலாம், மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். நிறைமாத வயிற்றோடு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நான் இடம் மாறுவதை அட்டெண்டர் செல்வி தினமும் பார்ப்பாள்.

"இன்னா மேடம், இன்னிக்கு யாரு ஊட்ல குடித்தனம்?"

டீன்

பத்துப் பேருக்குத் தலைவர் என்பதுதான் டீனின் பழைய பொருள். முதலில் பத்துப் படைவீரர்களுக்கு, பிறகு பத்துத் துறவிகளுக்கு. பிரசவ விடுப்பு கேட்க எங்கள் டீனிடம் போனேன். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் தரச் சொன்னார், வீட்டில் யார் துணைக்கு இருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"லீவுன்னு எழுதாதம்மா, உங்களுக்கெல்லாம் லீவு கிடையாது, 'வரவில்லை'ன்னு எழுது."

புரொபசர்

நாலு பேர் அறியப் பகிரங்கமாக அறிவிப்பவர் என்று பொருள். கன்னியாஸ்திரீகள் சபையறியத் துறவற வார்த்தைப்பாடு கொடுப்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்கும் இதே வேர்தான். ஜூன் இன்டர்வியூவுக்கு நான் எதையும் அறிவிக்காமல் போவதாகத்தான் இருந்தேன். பால் கசிந்தால் தெரியக்கூடாதென்று முந்தானையை இரட்டை மடிப்பாகப் பின் குத்தியிருந்தேன்.

மாடி அறையில் கல்லூரிச் செயலாளர், டீன், எங்கள் துறைத் தலைவி கல்யாணி மேம். இந்த மேமும் நானும் மூன்று வருடமாக மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிடுகிறோம். அவர்தான் முதல் கேள்வி கேட்டார்: "உங்களைப் பத்திச் சொல்லுங்கோ." சொன்னேன். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"கைக்குழந்தை இருக்காமே?" என்றார் செயலாளர்.

பொய் சொல்ல வாயெடுத்தேன். "இருக்கு சார். அஞ்சு மாசம்" என்றுதான் வந்தது.

"பரவாயில்லை, வேலைக்கு வாங்க" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா ஒண்ணு. கௌரவ விரிவுரையாளர்ங்கிற பேரை எடுத்துட்டோம். இனிமே டீச்சிங் அசோசியேட். போஸ்ட் புதுசு, அதனால சர்வீஸ் இன்னியிலேர்ந்து ஆரம்பம்."

"அப்போ அந்த மூணு வருஷம் சார்?"

"அது பழைய பேர்ல இருக்கும்மா."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் நின்று, மகளுக்கு மாதம் பிறந்தால் என்னென்ன தேவை என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வேலை இருக்கிறது, அது போதும் என்று தோன்றியது. போதாது என்றும் தோன்றியது. கல்யாணி மேம் பின்னாலேயே வந்து என் தோளைத் தொட்டார். உள்ளே என்னைத் தெரியாதவர், வெளியே தெரிந்தவராகிவிட்டார்.

"பேர் போனா போறது, நீ ஆத்துக்குப் போய்க் குழந்தைக்குப் பாலைக் குடு, அழுதுண்டிருக்கும்."

லெக்சரர், டீன், புரொபசர் எல்லாம் லத்தீனில் பிறந்து கப்பலேறி வந்த சொற்கள். என் பதவியின் பெயர் மட்டும் மாடி அறையில் பிறந்து படியிறங்கி வருகிறது, மூன்று வருடம் முடியும் நேரம் பார்த்து.