கவுன்டரில் சொன்ன பதில்

சிங்கப்பூர் விமான நிலையத்தில் இறங்கியதும் என்னென்ன கேட்பார்கள் என்று என் கணவர் போனிலேயே பலமுறை சொல்லிக்கொடுத்திருந்தார். எத்தனை நாள் இருப்பாய், எங்கே தங்குவாய், திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா, யாரைப் பார்க்க வந்தாய். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத" என்றார். பி.எட். முடித்தவளுக்கு இது பெரிய பரீட்சையா என்று நான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அவர் அங்கே கட்டட வேலையில் இருக்கிறார். நான் மாசமாக இருந்தபோது போனவர். பாப்பா பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசவும் தொடங்கிவிட்டாள். அப்பா என்றால் அவளுக்கு என் செல்போன்தான். கம்பெனி கொடுத்த அறையில் ஆண்கள் சேர்ந்து தங்கியிருப்பதால் குடும்பத்தை அங்கே கூட்டிப்போக முடியாது. எங்கள் ஊருக்கு அருகே அரிமளம் பக்கத்திலிருந்து போய்ப் பல வருடங்களாக அங்கேயே குடியிருக்கும் ஒரு அக்காதான் எங்கள் விசாவுக்குக் கடிதம் கொடுத்து, மூன்று வாரம் தன் வீட்டில் ஓர் அறையும் தருவதாகச் சொன்னார். சொந்தமில்லை. அவருடைய வீட்டுக்காரருக்கு என் கணவரைத் தெரியும், அவ்வளவுதான்.

பெட்டி கட்டும்போது அத்தை, என் மாமியார், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த அக்காவுக்கென்று அரைத்த குழம்புப் பொடியை அவரே இரண்டு கவரில் போட்டுக் கட்டினார். "அடுத்தவக வீட்ல போயி உக்காந்து திங்கக் கூடாது. அவ எந்திரிக்கிறதுக்கு முன்ன நீ எந்திரி. வெளக்கமாத்த அவ கையில விட்றாத" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டுக்கு விருந்தாக வரும் பெண்கள்கூட வந்த அரைமணி நேரத்தில் அடுப்படிக்கு வந்து வெங்காயம் உரிப்பார்கள். அப்படி வராதவளைப் பற்றி அவள் போன பிறகு என்ன பேசுவோம் என்பதும் எனக்குத் தெரியும்.

திருச்சி விமான நிலையத்துக்கு வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அங்கே இறங்கி வரிசையில் நின்றபோது பாப்பா என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டிய பதில்களை ஆங்கிலத்தில் மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் முறை வந்தது. கவுன்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, விரல் ரேகை வைக்கச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, "தமிழா? எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் நான் அவிழ்ந்துவிட்டேன். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ஒற்றை வார்த்தைகளில் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் தமிழில் கேட்டதும் யாரோ சொந்தக்காரரிடம் பேசுவதுபோல் ஆகிவிட்டது.

"எத்தனை நாள் இருக்கப் போறீங்க?"

"மூணு வாரங்க சார்."

"எங்க தங்குறீங்க?"

"அக்கா வீட்ல சார்."

"சொந்த அக்காவா?"

"இல்லைங்க சார், எங்க ஊருப் பக்கம். ரொம்ப நல்லவங்க."

"சரி. வீட்டுக்காரர் பகல்ல வேலைக்குப் போயிடுவாரு. மூணு வாரம் நீங்க என்ன செய்வீங்க?"

சும்மா இருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். ஊரைச் சுற்றிப் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் எதிர்பார்த்தது அதைத்தான் என்று இப்போது தெரிகிறது. ஆனால் ஒருத்தி தன் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வேறொருவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறாள் என்று, அதுவும் ஒரு தமிழ் ஆளிடம், என் வாயால் எப்படிச் சொல்வேன்?

"அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் வேலைக்குப் போறவங்க சார். நான் காலையில சமைச்சு வச்சு, அவங்க பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, வீட்டப் பாத்துக்குவேன்."

அவர் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. "அதுக்கு அவங்க சம்பளம் தர்றாங்களா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லைங்க சார். தங்க எடம் குடுக்குறாங்கள்ல" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "கொஞ்சம் அங்க உக்காருங்கம்மா" என்று ஓர் அறையைக் காட்டினார். குரலில் கடுமை இல்லை. அதனால் வரிசை பெரிதாக இருக்கிறது, பிள்ளையோடு வந்தவளுக்கு உட்கார இடம் கொடுக்கிறார் என்று நம்பிக்கொண்டு நன்றிகூடச் சொன்னேன்.

அறையில் ஒரு பெண் அதிகாரி வந்து என் கைப்பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே என் ஃபைல் இருந்தது. எந்த ஆபீசுக்குப் போனாலும் எதைக் கேட்பார்களோ தெரியாது என்று மொத்த ஃபைலையும் தூக்கிக்கொண்டு போவது எங்கள் பழக்கம். கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் பி.எட். டிகிரி வரை எல்லாம் அதில் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். கணவரைப் பார்க்க வந்தவளுக்கு இத்தனை சர்டிபிகேட் எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். வேலை தேடவா?

இல்லை என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. உண்மையில் இல்லையா? ஃபைலை அப்படியே தூக்கிப் பையில் வைத்தபோது, அக்காவுக்குத் தெரிந்த யாராவது எங்காவது டியூஷன் எடுக்க ஆள் கேட்டால் என்ற நினைப்பு ஒரு நொடியாவது எனக்கு வரவில்லையா? இன்று வரை என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. அந்த அதிகாரி என் முகத்தில் அதைத்தான் பார்த்தாரோ என்னவோ.

பிறகு அவர்கள் அக்காவுக்குப் போன் செய்தார்கள். வீட்டு வேலைக்கு ஆள் வரவழைத்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா பயந்துபோய், தனக்கு எங்களை அவ்வளவாகத் தெரியாது, யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று சொல்லியிருக்கிறார். இரண்டுமே உண்மைதான். ஆனால் நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

பாப்பா விழித்துக்கொண்டாள். அப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்று பயணம் முழுக்க அவளிடம் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன். ஒரு காவலர் குனிந்து பிஸ்கட்டை நீட்டியதும் அவள் வாங்கிக்கொண்டு, "அப்பா" என்றாள். அவருக்கு அந்த வார்த்தை புரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உள்ளே அனுமதி இல்லை, அடுத்த விமானத்தில் திருச்சிக்குத் திரும்ப வேண்டும் என்று சொன்னார்கள். யாரும் அதட்டவில்லை. கணவரிடம் பேச அனுமதித்தார்கள்.

"என்னங்க, திருப்பி அனுப்புறாங்க" என்றேன்.

"ஏன்? என்ன கேட்டாங்க?"

"நான்தான் கேட்டதுக்கு மேல பேசிட்டேன்."

போனில் அவருக்குப் பின்னால் பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு, "பாப்பா என்ன பண்றா?" என்று கேட்டார்.

"பிஸ்கட் தின்றா."

"நான் இங்கதான் நிக்கிறேன். கதவு தொறக்குறப்பல்லாம் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திருச்சியில் மாமா, என் மாமனார், தனியாகக் காரோடு வந்திருந்தார். வழியில் கீரனூர் தாண்டியதும், முன்னால் பார்த்தபடியே, "ஒங்கத்தை ஊருல பாப்பாவுக்குக் காச்சல்னு சொல்லி வச்சிருக்கா. காச்சலோட வந்தா அங்க உள்ள விடமாட்டாகளாம். நீயும் அப்படியே சொல்லிரு" என்றார்.

சரிங்க மாமா என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை கதவைச் சாத்திவிட்டு, "படிச்ச புள்ளைன்னு நெனச்சேன். வாய மூடிக்கிட்டு நாலு வார்த்தை சொல்லத் தெரியலயே ஒனக்கு" என்றார். அத்தை, நீங்கள்தானே என்று தொடங்க வந்தது. சொல்லவில்லை. அவர் சொன்னது அந்த வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை. அதை வாசலிலேயே போட்டு உடைத்தது நான்.

அன்று மாலை எதிர்வீட்டுப் பெரியம்மா கசாயம் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தார். பாப்பாவை மடியில் கிடத்தி, மேலே போர்வையைச் சுற்றினேன். அவள் திமிறினாள். பெரியம்மா கழுத்தில் கை வைத்துப் பார்த்தார்.

"ஒடம்பு குளுகுளுன்னுல்ல இருக்கு."

"இப்பத்தான் மருந்து குடுத்தோம்" என்றார் அத்தை.

"சிங்கப்பூருக்காரன் அவசரப்பட்டுட்டான். நம்மூரு காத்துப் பட்டதும் காச்சல் பறந்துருச்சு பாரு" என்று பெரியம்மா சிரித்தார். நம்பினாரா, இல்லை எங்கள் மூஞ்சிக்கு நேராகவே குத்திக்காட்டினாரா, எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாளும் ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் காய்ச்சல் என்றேன். எனக்கே அது பழகிவிட்டது.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்கும்படி என் கணவர் சொல்லியிருந்தார். அக்கா இன்னொரு முறை கடிதம் கொடுத்தால்தான் மறுபடி விண்ணப்பிப்பதைப் பற்றி நினைக்கவே முடியும். இல்லையென்றால் என் கணவர் லீவில் ஊருக்கு வருகிற அடுத்த வருடம்தான் பார்க்க முடியும். பயந்து பயந்து கூப்பிட்டேன்.

"ஆபீஸ்ல இருக்கேன், போன் வருது, வீட்டு வேலைக்கு ஆள் கொண்டு வர்றீங்களான்னு. கேஸாயிடுமோன்னு பயந்துட்டேன் தெரியுமா?" என்றார் அக்கா.

"மன்னிச்சுக்கங்கக்கா."

"நான் ஒன்னய வேலை செய்யச் சொன்னேனா?"

"இல்லக்கா."

"ஒங்களுக்காக மறுநாள்லேருந்து லீவு போட்டிருந்தேன். ஒன்னயும் பிள்ளையயும் நாலு எடம் கூட்டிட்டுப் போகலாம்னு. ஊர்லேருந்து வர்ற பிள்ளைட்ட வேலை வாங்குறவன்னு என்னய நெனச்சுட்டல்ல நீ."

திருப்பி அனுப்பப்பட்டதைவிட இது கேவலமாக இருந்தது. மரியாதை என்று நான் நினைத்துச் சொன்னது, அவரை அப்படிப்பட்ட ஆளாக்கிவிட்டது. விருந்தாளியாக அழைத்தவரிடம் விருந்தாளியாகப் போக எனக்குத் தெரியவில்லை.

அவரே பேச்சை மாற்றி, "பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"காச்சல்க்கா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. இரண்டு நாளாக அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலையே சொல்லிச் சொல்லி நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அக்காவின் குரல் உடனே மாறியது. "ஐயோ, அலைச்சல்ல வந்திருக்கும். டாக்டர்ட்ட காமிச்சியா? தண்ணி நெறையக் குடு. துணிய நனைச்சு நெத்தியில போடு."

"சரிக்கா."

"பாவம் பச்சப்புள்ள. அது என்ன பண்ணுச்சு. மொதல்ல ஒடம்பு சரியாகட்டும். கடுதாசியப் பத்தி அப்பறம் பேசிக்கலாம், என்ன?"

இல்லக்கா, காய்ச்சலெல்லாம் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. குளித்துவிட்டு ஈரத்தோடு நழுவிய பாப்பா, கத்திச் சிரித்தபடி கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். அத்தை துண்டோடு பின்னால் துரத்தினார். அந்தச் சத்தம் போனில் கேட்டுவிடக் கூடாதே என்று கொல்லைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அக்கா இன்னும் கைவைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் சரிக்கா, சரிக்கா என்றேன்.