முள்வேலி வாசலைத் தாண்டிய முட்டை

போன மாதம் மலேசியாவின் செனாவாங்கில் ஒரு கல்யாணம். அத்தை வழக்கமாகச் சொல்லும், வெள்ளைக்காரன் காலத்து அவசரகாலக் கதையை, "நடந்திருக்காது" என்று எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டேன். நான் உளவியல் படித்தவள்; சான்று கேட்டே பழக்கம். தொண்ணூறு வயது அத்தை அதன்பின் என்னோடு பேசவில்லை. நான்தான் போன் செய்து, இடத்தைக் காட்டச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை 7.10க்கு அம்பாங்கானிலிருந்து கிளம்பினோம். பசியாற ரொட்டி சானாய், தே தாரிக், ஓர் அவித்த முட்டை எல்லாம் சேர்த்து 8 ரிங்கிட் 50 சென். முட்டையை அத்தை சாப்பிடாமல் வைத்துக்கொண்டார். கோலா கிளாவாங் போகும் மலைப்பாதையில் 34 கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆனது. அத்தை இருந்த ரப்பர் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். பழைய வாசலின் இரண்டு சிமெண்டுத் தூண்கள் மட்டும் மிச்சம்.

அன்று தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்களை ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்களாம். அத்தையின் அண்ணி ஏழு மாதக் கர்ப்பத்தோடு வெறும் வயிற்றில் வெட்டி, மரத்தடியில் மயங்கி விழுந்தார். மறுநாளிலிருந்து பதினாறு வயது அத்தை அவருக்குச் சோறு கடத்தினார். பிடிபட்டால் சிறை.

"தினமும் தடவிப் பாத்திருப்பாங்களே அத்தை, எப்படி?"

"படிச்சவதானே நீ? இந்த முட்டைய வெளிய கொண்டு போறேன். கண்டுபிடி லா."

தூண்களுக்கு நடுவே நின்றேன். "இந்தா, இத புடி," என்று அத்தை மடக்கிய குடையை என்னிடம் நீட்டிவிட்டுக் கைகளை விரித்தார். இடுப்பு மடிப்பில் ஏதோ உருண்டை. தொட்டதும் அவர் கை அவசரமாக அதை மூடியது. இழுத்துப் பிரித்தேன். வெற்றிலை, பாக்கு.

அத்தை சிரித்தார். "அந்தச் சோதனைக்காரியும் இப்படித்தான். வரிசையே சிரிக்கும். வெக்கத்துல 'ஜாலான், ஜாலான்', போ போன்னு தள்ளிவிட்டுருவா."

"தினமும் வெத்தலயா?"

"ஒரு நாள் வெத்தல, ஒரு நாள் ஊக்கு டப்பா. அவளுக்குக் கண்டுபிடிக்க ஒண்ணு வேணும்ல?"

வேறெங்கும் ஒன்றுமில்லை. "முட்டைய கார்லயே விட்டுட்டீங்க," என்றேன். அத்தை தூண்களைத் தாண்டினார். என்னிடமிருந்து குடையை வாங்கி உதறினார். முட்டை அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"அப்போ குடை ஏது? மண்டைத்துணிதான், சோறு அதுக்குள்ள. 'கொண்டைய பாருங்கக்கா, இத புடிங்க'ன்னு அவ கையிலேயே கொடுத்துருவேன்."

அண்ணி நல்லபடியாகப் பெற்ற அந்தப் பிள்ளைதான் போன மாதம் பேத்திக்குக் கல்யாணம் செய்தவர். அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டேன். "அத்தை சொன்னது நடந்ததுதான் அண்ணே. எல்லாருக்கும் சொல்லிருங்க." அத்தை முட்டையை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். இவர் மருமகள் நான் என்பதில் எனக்கு அத்தனை பெருமை.

போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். பிறகு செம்பனை லாரிகள் வழியை அடைத்துவிடும். வழியில் தண்ணீர் கிடைக்காது. அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று யாரையாவது சோதிப்பதாக இருந்தால், முதலில் உங்கள் கையில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.