மேலே மாட்டச் சொன்ன சட்டை

குமுளி மலையடிவாரக் கூடலூரிலிருந்து தினமும் ஜீப்பில் எல்லை கடந்து கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒரு பெண்ணைப் பற்றி என் கேமராவால் பொய் சொன்னேன். படத்துக்கென்று பட்டுச் சேலையில் வந்தவரை, வேலைக்குப் போடும் கறைச் சட்டையை மேலே மாட்டி, சிரிக்காமல் நிற்கச் சொன்னேன். ‘பிழைக்கப் போனவள்’ என்று தலைப்பிட்டுக் குமுளிக் கண்காட்சியில் மாட்டினேன்.

கண்காட்சியைப் பார்க்க வந்த அந்தப் பெண்ணே கேட்டார்: “ஏன்யா, அங்கன பிச்சைக்கா போறேன்? ஏலக்கா தொங்குற சரம் ஒடியாம முத்துன காயா பாத்துக் கிள்ளணும். எங்களுக்குத் தெரியும்னுதான கூப்புடுறாக!”

மன்னிப்புக் கேட்டு, படத்தைக் கழற்றினேன். எப்படி எடுக்கலாம் என்று அவரிடமே கேட்டேன். ஜீப்பில் வரும் பெண்கள் அத்தனை பேரையும் பட்டுச் சேலையில் கூட்டிவந்து நிறுத்தினார்.

இப்போது மாட்டியிருப்பது அந்தப் படம். வருகிறவர்களுக்கு அவரே தமிழிலும் மலையாளத்திலும் விளக்குகிறார். “தள்ளி நில்லுங்க சார், மறைக்குது” என்கிறார் என்னிடம். பெருமையோடு நகர்ந்துகொள்கிறேன்.