பாமாயில் தின்ற குஞ்சுகள்

மீன் குஞ்சுக்குத் தீனி போடுகிற வேலையில், நமக்கு முன்னால் நம்ம வாசனை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடும். நாறுகிற வேலைக்குப் போய்விட்டு வந்து குழந்தையைத் தூக்குகிற எல்லாருக்கும் இது புரியும்.

காலி சீட்டு

எங்கள் பண்ணையில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சலித்து, மீன் எண்ணெய் விட்டுக் கையால் பிசைவோம். பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர், கோணலாகிப் போனதென்று கொண்டுவந்த தட்டுகளில் வைத்துத் தொட்டிக்குள் இறக்குவோம். எத்தனை சோப்பு போட்டாலும் நாற்றம் கையை விடாது. ஒருநாள் மங்கலம்பேட்டை பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு மட்டும் காலி. என்னிடம் இருந்தது டிபன் டப்பா ஒன்றுதான். கண்டக்டர் என் காலடியில் குனிந்து தேடினார்: "மீன் கூடைய எங்கம்மா வெச்சிருக்க? பின்னாடி தள்ளி வையி."

பஜ்ஜி வாசனை

பஸ்ஸை விடுங்கள். என் மகளுக்கு இரண்டு வயது. நான் தூக்கினால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் அத்தையிடம் தாவிவிடுவாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. எல்லாம் எண்ணெய்தானே என்று, ரேஷன் பாமாயிலைக் கொண்டுபோய், நான் தீனி போடுகிற கடைசித் தொட்டிக்கு அதை ஊற்றிப் பிசைந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்று ராத்திரி மகள் என் மடியில் தூங்கினாள். எல்லாத் தொட்டிக்கும் தண்ணீர் மாற்றுகிற செல்வி அக்கா மட்டும் என் வாளியை முகர்ந்து பார்த்தது: "என்னாடி, பஜ்ஜி போட்ட வூடு மாதிரி மணக்குது?"

ஓடாத குஞ்சு

சில வாரம் போனது. குஞ்சுகள் நன்றாகத்தான் கொழுத்தன. ஆனால் நம் நிழல் விழுந்தால் மற்ற தொட்டிக் குஞ்சுகள் சிதறி ஓடும். இதுகள் அப்படியே நின்றன. தட்டை இறக்கினால் கண்டுபிடிக்கவே நேரமானது. மீன்கொத்தி மதிலில் உட்கார்ந்து நிதானமாகப் பொறுக்கித் தின்றது. பாமாயிலால்தானோ என்று சந்தேகம் வந்தது, ஆனாலும் அதையேதான் பிசைந்தேன். செல்வி அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தது: "மத்தியானம் சோறு தின்னுட்டு ஸ்கூலுல குந்தியிருக்குற புள்ளைங்க மாதிரியே இருக்குதுங்கடி!"

பேசினில் சுற்றிய தண்ணீர்

குஞ்சு வாங்க வருகிறவர்கள் கொஞ்சத்தைப் பேசினில் விட்டு, கையால் தண்ணீரைச் சுழற்றுவார்கள். நல்ல குஞ்சு எதிர்த்து நீந்தும். திட்டக்குடியிலிருந்து வந்தவர் கடைசித் தொட்டிக் குஞ்சை விட்டுச் சுழற்றினார். எல்லாம் தண்ணீரோடு குப்பை மாதிரி சுற்றி நடுவில் ஒதுங்கின. முதலாளி செல்வி அக்கா பக்கம் திரும்பினார். "ஒழுங்கா தண்ணி மாத்தலையா? நாளையிலேருந்து வராத." அக்கா முந்தானையில் கையைத் துடைத்தது.

நான் முதலாளியை நிமிர்ந்து பார்த்துப் பேசியதே கிடையாது. அன்றும் தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். "அக்கா இல்லைங்க. நான்தாங்க தீனியில பாமாயில் ஊத்துனேன். எம் புள்ள கிட்ட வரலைங்க." முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். மீன் எண்ணெயில் இருக்கிற கொழுப்புதான் குஞ்சின் மூளைக்கும் கண்ணுக்கும் போகிறதாம். பாமாயிலில் அது கிடையாதாம், உடம்பு மட்டும் வைக்குமாம். அக்காவுக்குப் பதில் நான் போக வேண்டியதுதான் என்று நின்றேன். திட்டக்குடிக்காரர் குஞ்சைத் திரும்பத் தொட்டியில் விட்டபடி முதலாளியிடம் சொன்னார்: "தப்ப தானா சொல்ற பொண்ண நிறுத்திட்டா, அடுத்த தடவ என்ன ஊத்துனாங்கன்னு உனக்கு யாருய்யா சொல்லுவா? மீன் எண்ணெயே போடச் சொல்லு. நான் அடுத்த மாசம் வந்து பாக்குறேன்."

அடுத்த மாதம்

முதலாளி அக்காவையும் நிறுத்தவில்லை, என்னையும் நிறுத்தவில்லை. திட்டக்குடிக்காரர் சொன்னபடி வந்தார், சுழற்றினார். சிலது கடைசிவரை மந்தம்தான். மற்றதெல்லாம் எதிர்த்து நின்றன. குஞ்சை அள்ளிப் போடப் பை பிடிக்க நான் கிட்டே போனேன். அவர் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார்: "குஞ்சு நல்லா சுறுசுறுப்பா இருக்குதும்மா. நீ கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லு."

இப்போது என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டே மடியில் உட்காரப் பழகிவிட்டாள். பஸ்ஸில் எனக்கு எப்போதும் இரண்டு சீட்டு.